அந்தக் கடிகாரத்தைத் திரும்ப மாட்டுங்கள்

எங்கள் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

ஆண்டு விழாக் கண்காட்சிக்காக, இங்கிலாந்தின் பழைய ஆலைகளைப் பற்றி எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஆறு வாரம் உட்கார்ந்து செய்த ஒன்பது பலகைகளில் மூன்றைச் சென்ற சனிக்கிழமை மாலை கழற்றிவிட்டீர்கள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை மண்டபத்தைப் பெருக்கப் போனபோது, குப்பைப் பைக்குப் பக்கத்தில் அவை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். எடுத்து என் வண்டியில் போட்டுக்கொண்டேன்.

கழற்றிய இடத்தில் ஒரு புதுப் பலகை வந்திருக்கிறது. கன்னம் சிவந்த ஒரு சிறுமி கையில் பாபினோடு, அதாவது நூல் சுற்றும் கட்டையோடு, சிரிக்கிறாள். கீழே இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "விக்டோரியா காலத்துச் சிறுவர்கள் பெற்றோருடன் ஆலைக்குச் சென்று, உழைப்பின் அருமையை இளம் வயதிலேயே கற்றுக்கொண்டார்கள்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். பலகைகளை இடமில்லை என்று எடுத்திருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பேன். குழுவின் வாட்ஸ்அப்பில் இரண்டு முறை கேட்டேன். "பிறகு பேசலாம் அக்கா" என்று ஒரு பதிலும், கும்பிடும் கைப் படம் மூன்றும் வந்தன. அதனால் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன்.

நேரில் கேட்டபோது மூன்று காரணம் சொன்னீர்கள். சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள். சிறப்பு விருந்தினராக வரும் கவுன்சிலருக்கு மனம் கோணும். கடைசியாக, "வாழ வந்த ஊரைக் குறை சொல்லலாமா?" ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன், இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா கோயம்புத்தூரில் மில்லுக்காரர். கார்டிங்கில் வேலை. பஞ்சை அடித்துச் சீவி நீளமான திரியாக்கும் பகுதி அது. உருளை முழுக்க ஊசி ஊசியாகக் கம்பி. கழிவுப் பஞ்சு சிக்கினால் மெசினை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கும். நிறுத்தினால் உற்பத்தி குறையும், குறைந்தால் மேஸ்திரி கேட்பார். எனவே ஓடும்போதே கைவிட்டு எடுப்பதுதான் அங்கே வழக்கம். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, ஷிப்ட் முடிந்தும் ஆள் வரவில்லை என்று தொடர்ந்து இரண்டாவது ஷிப்டும் பார்த்த ஒரு ராத்திரியில், அப்பாவின் வலது கையில் மூன்று விரல் போனது. மில்லின் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் ஒரே சொல்தான் எழுதினார்கள்: கவனக்குறைவு. பதினாறு மணி நேரம் நின்ற மனிதனுக்குக் கவனம் எங்கிருந்து வரும் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

அதற்குப் பிறகு அப்பா எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்காரவில்லை. இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம். மொய் எழுதிவிட்டு, "வயிறு சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். விரல் போனால் என்ன போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த கணக்கு இது.

இங்கிலாந்துக்கு, அதுவும் மான்செஸ்டர் பக்கம் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க ஓல்டம்னு ஒரு ஊர் இருக்குதா கண்ணு?" அந்த மில்லில் ரிங் ஃபிரேம் என்று சொல்லும் பழைய நூற்பு மெசின்களின் இரும்பில் அந்த ஊர்ப் பெயர் வார்த்திருந்ததாம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர், அந்த ஆறு எழுத்தை மட்டும் உருவம் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இப்போது தினமும் அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். உலகத்துக்கே நூற்பு மெசின் செய்து அனுப்பிய ஊர். அங்கிருந்து கோவைக்குப் போனது இரும்பு மட்டும் இல்லை. அதை எப்படி ஓட்டுவது, எத்தனை மணி நேரம் ஓட்டுவது, கை மாட்டினால் யார் மேல் பழி போடுவது என்பதும் சேர்ந்தேதான் கப்பலேறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி நீங்கள் கழற்றிய பலகைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, கடிகாரம். தெர்மாகோலில் செய்த வட்டம். காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை சிவப்பு வண்ணம். 1832-ல் மைக்கேல் சாட்லர் தலைமையில் பாராளுமன்றக் குழு ஒன்று ஆலைத் தொழிலாளர்களை அழைத்து விசாரித்தது. அதில் சாட்சி சொன்ன எலிசபெத் பென்ட்லி லீட்ஸ் நகரத்துக்காரர். ஆறு வயதில், ஆளிச்செடி நாரில் நூல் நூற்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டு வெற்றுப் பாபின்களை மாட்டும் வேலை. எங்கள் ஊரில் இன்றும் அதற்கு டாஃபிங் என்றுதான் பெயர். வேலை நெருக்கடியான காலத்தில் காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை, மற்ற நாளில் காலை ஆறு முதல் இரவு ஏழு வரை. மதியம் நாற்பது நிமிடம் சாப்பாட்டுக்கு. காலை உணவுக்கென்று தனி நேரம் கிடையாது. தாமதித்தால் வார் அடி. பாரக்கூடை இழுத்து இழுத்து எலும்பு வளைந்துபோன உடம்போடு, 23 வயதில் அந்தக் குழுவின் முன் நின்றார்.

இந்தக் கணக்கைப் போட்டவன் நம் வகுப்பில் பத்து வயதுப் பையன். பதினாறு மணியில் நாற்பது நிமிடம் கழித்தால் பதினைந்து மணி இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு, "டீச்சர், அப்போ அவங்க எப்ப ஹோம்வொர்க் செஞ்சாங்க?" என்று கேட்டான். சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பென்ட்லி சாட்சி சொன்னது விக்டோரியா பட்டத்துக்கு வர ஐந்து ஆண்டுக்கு முன் என்று செயலாளர் அண்ணா திருத்தினார். சரிதான். சாட்லர் குழு ஒருபக்கச் சாட்சிகளையே அழைத்தது, சத்தியப் பிரமாணம் வாங்கவில்லை என்று ஆலை முதலாளிகள் அன்றைக்கே சண்டைக்கு வந்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் கேட்டபடியே 1833-ல் அரசு தனியாக ஓர் ஆணையத்தை அனுப்பியது. அந்த ஆணையமும் சுற்றிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சமமான நேரம் வேலை செய்கிறார்கள், அது அவர்கள் உடம்பைக் கெடுக்கிறது என்றுதான் எழுதியது. அதே ஆண்டு சட்டம் வந்தது. நூற்பு நெசவு ஆலைகளில், பட்டு ஆலை நீங்கலாக, ஒன்பது வயதுக்குக் கீழே வேலை கூடாது. பதின்மூன்று வயதுக்குள் வாரம் 48 மணி. பதினெட்டுக்குள் வாரம் 69 மணி. திரும்பப் படியுங்கள்: பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வாரம் 69 மணி நேரம் என்பது சீர்திருத்தம். விக்டோரியா ராணியாக வந்து உட்கார்ந்தபோது நாட்டின் சட்டம் இதுதான்.

இந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள நாடு முழுவதற்கும் நான்கே ஆய்வாளர்கள். பிறப்புப் பதிவு அப்போது கிடையாது. ஒன்பது வயதா, பதின்மூன்றா என்று வைத்தியர் உயரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உயரம் ஏமாற்றுகிறது என்று, 1837-ல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து வயது சொல்லும் முறையைப் பாராளுமன்றத்துக்கு எழுதி அனுப்பினார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நமக்குத் தெரியும். இதைச் சொன்னதும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் நாக்கால் தங்கள் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றுகூட பயப்படவில்லை. பயந்தது யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பலகை மெசின்கள். போல்டன் ஊர்க்காரர் சாமுவேல் கிராம்ப்டன் 1779-ல் செய்த மியூல் நூற்பு எந்திரத்தின் படம் போட்ட பலகையை நீங்கள் எடுக்கவில்லை. பளபளவென்று அப்படியே இருக்கிறது. மியூலுக்கு அடியில் யார் இருந்தார் என்று காட்டிய பலகைதான் போய்விட்டது.

மியூலின் ஒரு பகுதி தண்டவாளத்தில் ஓடுவது போல் சக்கரத்தில் முன்னே வந்து நூலை இழுத்து முறுக்கும். பிறகு உள்ளே திரும்பிப் போய்ச் சுற்றிக்கொள்ளும். வந்து போகும் அந்த இடைவெளியில், கீழே விழும் பஞ்சுத் தூசியைப் பொறுக்குவதற்குச் சின்னப் பிள்ளைகள் ஊர்ந்து போவார்கள். மெசின் நிற்காது. தலையைத் தாழ்த்தத் தவறினால் அவ்வளவுதான். அறுந்த நூலை ஒட்டவைக்கும் பிள்ளைகள் அதன் பின்னாலேயே நாள் முழுக்க நடப்பார்கள். அந்த நடையை ஜான் ஃபீல்டன் என்ற ஆலை முதலாளியே அளந்து பார்த்தார்: ஒரு நாளைக்கு இருபது மைலுக்குக் குறையவில்லை. இங்கிருந்து மான்செஸ்டர் ஊர் நடுவுக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு வராது.

அடுத்தது ஷாஃப்ட். ஒரு நீராவி எந்திரத்தின் சக்தியை ஆலையின் எல்லா மாடிக்கும் கொண்டுபோனது கூரையை ஒட்டியும் செங்குத்தாகவும் சுழன்ற இரும்புத் தண்டுகளும் தோல் பட்டைகளும். பாவாடை நுனியோ, முந்தானைத் துணியோ, கூந்தலோ பட்டால் ஆளையே சுற்றித் தூக்கிவிடும். ஸ்டாக்போர்ட்டில் அப்படி மாட்டி ஊனமான ஓர் இளம்பெண்ணுக்காக, ஆலைச் சீர்திருத்தத்துக்குப் பாராளுமன்றத்தில் வாதாடிய ஆஷ்லி பிரபு வழக்குச் செலவைத் தானே ஏற்று நடத்தி, 1840-ல் 100 பவுண்ட் நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தார். ஒரு பிரபு பின்னால் நின்றால்தான் 100 பவுண்ட். பிரபு கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ.

1844-ல் வந்த சட்டம்தான் முதன்முதலில் எந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. ஓடும் மெசினைப் பிள்ளைகளும் இளவயதினரும் சுத்தம் செய்யக் கூடாது என்றது. விபத்து நடந்தால் தெரிவிக்க வேண்டும் என்றது. இன்னொன்றும் சொன்னது, எனக்கு மிகவும் பிடித்தது: வேலை நேரத்தை ஊர்ப் பொதுக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஏன் என்றால், ஆலைக் கடிகாரம் காலையில் வேகமாகவும் மாலையில் மெதுவாகவும் ஓடும். காலையில் ஐந்து நிமிடம், சாப்பாட்டில் பத்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம் என்று முதலாளிகள் கிள்ளித் தின்ற நிமிடங்களைப் பற்றி ஆய்வாளர் அறிக்கைகள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன.

அந்த ஆய்வாளர்களில் ஒருவர் லியோனார்ட் ஹார்னர். 1833-லிருந்து 1859 வரை, அதில் பெரும்பகுதி இந்த லங்காஷயர் வட்டாரத்திலேயே, ஆலை ஆலையாக ஏறி இறங்கியவர். ஷாஃப்டுகளுக்கு வேலி போடுங்கள் என்று அவர் விடாமல் கேட்டார். ஏழடிக்கு மேலே சுழலும் தண்டுக்கு எதற்கு வேலி, அங்கே யார் கை எட்டும் என்று முதலாளிகள் கேட்டார்கள். ஏணி வைத்துப் பட்டையை மாட்டப் போகிறவன் கை எட்டும். அவனும் அந்த ஆலையின் ஆள்தானே? 1855-ல் மான்செஸ்டரில் முதலாளிகள் இதற்காகவே ஒரு சங்கம் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே சட்டம் தளர்ந்தது. பெண்களும் இளவயதினரும் பிள்ளைகளும் தொடக்கூடிய இடத்துக்கு மட்டும் வேலி போட்டால் போதும் என்றானது. விபத்தைக் குறைக்கச் சங்கம் சேரவில்லை, வேலியைக் குறைக்கச் சங்கம் சேர்ந்தது. நம் ஊரின் வரலாறுதான் இதுவும். கிராம்ப்டன் எப்படியோ அப்படி.

சட்டம் என்ன சொன்னாலும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்தான் வேலை என்பதற்கான சண்டை நடந்துகொண்டே இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பொருளாதார அறிஞர் நாசோ சீனியர் 1837-ல், ஆலையின் நிகர லாபம் முழுவதும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வருகிறது, அதைக் குறைத்தால் தொழிலே அழியும் என்று எழுதினார். 1847-ல் பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கும் பத்து மணி நேரம் என்று சட்டம் வந்தது. தொழில் அழியவில்லை. அந்தச் சட்டத்தைச் சபையில் கொண்டுவந்தவர், மேலே சொன்ன அதே ஃபீல்டன். அப்போது ஓல்டமின் பாராளுமன்ற உறுப்பினர். பத்து வயதில் தன் அப்பாவின் ஆலையிலேயே வேலைக்கு நின்றவர், அந்தக் களைப்பு எப்படி இருக்கும் என்று உடம்பால் தெரிந்தவர். பிறகு முதலாளிகள் ஆட்களை மாற்றி மாற்றி அழைத்துச் சட்டத்தை ஏமாற்ற, 1850-ல் நீதிமன்றமும் அதற்குச் சம்மதிக்க, அரை மணி நேரம் விட்டுக்கொடுத்து ஒரு சமரசம் வந்தது: தினம் பத்தரை மணி, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவர்களுக்கு வேலை முடியும். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கால்பந்து ஆட்டம் என்கிற வழக்கம் அந்த அரைநாள் விடுமுறையிலிருந்து வளர்ந்தது என்று சொன்னதும், யுனைட்டெட் பிள்ளைகளும் சிட்டி பிள்ளைகளும் வகுப்பில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் பலகையைப் பறித்திருக்கிறீர்கள்.

மூன்றாவது பலகை சிறியது. கை போனவருக்கு என்ன கிடைத்தது என்பது. பிள்ளைகள் அதில் 1837 என்றும் 1897 என்றும் இரண்டு ஆண்டு எழுதி, நடுவில் ஒரு நீண்ட கோடு போட்டிருந்தார்கள். 1837-ல், வண்டியில் அதிக பாரம் ஏற்றி அது உடைந்து தொடை முறிந்த ஒரு கசாப்புக்கடை வேலையாளின் வழக்கில், நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய், கூட வேலை செய்தவன் தப்புக்கு முதலாளி என்ன செய்வான் என்கிற வாதம் அதிலிருந்து வளர்ந்து ஆலைகளுக்கும் கேடயமானது. யார் தப்பு என்று பார்க்காமல், வேலையில் அடிபட்டால் ஈடு உண்டு என்ற சட்டம் வந்தது 1897-ல். நடுவில் அறுபது ஆண்டு. விக்டோரியா ஆண்டதே அறுபத்துமூன்று சொச்சம். அந்தக் காலம் கிட்டத்தட்ட முழுவதும் காயம்பட்டவருக்கு இருந்தது சக தொழிலாளர் சேர்த்த சந்தாப் பணம், தரும ஆஸ்பத்திரி, அதுவும் முடிந்தால் ஏழை விடுதி.

1882 டிசம்பர் 28 அன்று, பிராட்ஃபோர்டில் நியூலேண்ட்ஸ் ஆலையின் பெரிய புகைபோக்கி காலைச் சாப்பாட்டு நேரத்தில் சரிந்து விழுந்தது. 54 பேர் செத்தார்கள். பலர் இளம்பெண்கள், பிள்ளைகள். விசாரணையின் முடிவு: விபத்தினால் மரணம். அப்பாவின் பதிவேட்டில் இருந்த அந்த ஒற்றைச் சொல்லை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு சிறுமி அவளாகவே, "யார் மேலயும் தப்பு இல்லையா?" என்று பலகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள்.

இப்போது உங்கள் காரணங்கள்.

பயம் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். ரத்தம் காட்டும் படம் ஒன்றுகூட அந்தப் பலகைகளில் இல்லை. கடிகாரம், கோடு, எண்கள், ஒரு மியூல்.

கவுன்சிலர் பற்றி. நான் வேலை செய்வது இந்த ஊர் நூலகத்தில். செவ்வாய்தோறும் வரும் ஒரு பாட்டிக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அவருடைய பாட்டி பதினோரு வயதில் அரை நாள் பள்ளி, அரை நாள் ஆலை என்று போனவர். ஹாஃப் டைமர் என்பார்கள், அந்த முறை இங்கே இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னும் ஓடியது. தறிச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் உதட்டை அகல அகல அசைத்துப் பேசும் 'மீ-மா' என்ற பேச்சை அந்தப் பாட்டி எனக்கு நடித்துக் காட்டினார். நான் அப்பாவும் அவர் சிநேகிதர்களும் டீக்கடையில்கூடக் கை ஜாடையில் பேசுவதைக் காட்டினேன். நூலகத்தில் சத்தமே இல்லாமல் இரண்டு மில்கள் பேசிக்கொண்டன. பலகைகளைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டது, "என் பாட்டி பெயரைப் போடுவாயா?" இந்த ஊர்க் கவுன்சிலருடைய பாட்டனோ பாட்டியோ ஏதாவது ஒரு தறியடியில் நின்றிருக்க மாட்டார்கள் என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? அவரிடம் கேட்டீர்களா?

வாழ வந்த ஊரைக் குறை சொல்லலாமா என்பதற்கு. இந்த ஊரைக் குறை சொன்னது நாங்கள் இல்லை. ஹார்னரின் அறிக்கைகளும் சாட்லரின் சாட்சிகளும் பாராளுமன்றமே அச்சடித்தவை. 1830-ல் ரிச்சர்ட் ஓஸ்ட்லர், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக உருகும் நீங்கள் யார்க்‌ஷயர் ஆலைப் பிள்ளைகளைப் பாருங்கள் என்று லீட்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதம்தான் வடக்கு முழுவதையும் கிளப்பியது. அதுவும் என்னுடையதைப் போல ஒரு திறந்த மடல்தான். தன் ஊரைத் தானே கேள்வி கேட்ட மனிதர்களின் ஊர் இது. அவர்களைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முதலாளிகளை மட்டும் மாட்டுவதற்கு நன்றி என்று பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. இந்தியாவின் முதல் ஆலைச் சட்டம் 1881. ஏழு வயதுக்குக் கீழே வேலை கூடாது, பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரம், எந்திரத்துக்கு வேலி. பம்பாய் மில்கள் அதிக நேரம் ஓடி மலிவாக விற்கின்றனவே என்ற லங்காஷயர் முதலாளிகளின் எரிச்சலும் அதற்குப் பின்னால் தள்ளியது. கருணை பாதி, கணக்கு பாதி. ஆனாலும் அந்த நூல்தான் நீண்டு, இந்தியாவின் 1948 ஆலைச் சட்டத்தில் ஓடும் எந்திரத்தைப் பற்றிய பிரிவாக வந்து நின்றது. அப்பாவின் மில் சுவரில் எழுதியிருந்தது, யாரும் மதிக்காதது, அதுதான்.

புதுப் பலகையின் வரிக்கு வருகிறேன். "உழைப்பின் அருமையை இளம் வயதிலேயே கற்றுக்கொண்டார்கள்." வேலை நேரத்தைக் குறைத்தால் பிள்ளைகள் தெருவில் திரிந்து கெட்டுப்போவார்கள், ஆலைதான் அவர்களுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிறது என்பது அந்தக் காலத்து முதலாளிகள் சட்டத்துக்கு எதிராகச் சொன்ன வாதம். நீங்கள் தெரிந்து எழுதவில்லை என்று நம்புகிறேன். கேட்க நன்றாக இருந்தது, போட்டுவிட்டீர்கள். ஆனால் எங்கள் பிள்ளைகள் ஆறு வாரம் படித்ததற்கு நேர் எதிரான ஒன்றை, அவர்கள் பெயர் போட்ட கண்காட்சியில் ஒட்டியிருக்கிறீர்கள். "குழந்தைகளின் ஆக்கம்" என்று மேலே வேறு எழுதியிருக்கிறது.

நான் கேட்பது இவை.

அந்த வரியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். படம் வேண்டுமானால் இருக்கட்டும்.

மூன்று பலகைகளையும் விழாவுக்கு முன் அவற்றின் இடத்தில் மாட்டுங்கள். கடிகாரத்தை வாசலில் மாட்டினால் இன்னும் நல்லது. ஏதாவது சொல்லை மாற்ற வேண்டும் என்றால் வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து மாற்றுங்கள். அவர்களிடம் காரணம் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் காரணம் சொல்ல வராத முடிவை எடுக்காதீர்கள்.

கோடைச் சுற்றுலாவுக்கு மாளிகைத் தோட்டம் பார்க்கப் போகிறோம் என்று முடிவாகியிருக்கிறது. அதை மாற்றி ஸ்டைலில் உள்ள குவாரி பேங்க் ஆலைக்கு அழைத்துப் போங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான். அங்கே பிள்ளைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த வீடு அப்படியே இருக்கிறது. லண்டன் ஹாக்னியின் ஏழை விடுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட தாமஸ் பிரீஸ்ட்லி என்ற பதின்மூன்று வயதுப் பையன், சக்கரத்தில் இடது கை ஆள்காட்டி விரலை இழந்தபின், 1806-ல் அம்மாவைப் பார்க்க அங்கிருந்து லண்டனுக்கே ஓடிப்போனான். அவன் நீதிபதிகளிடம் சொன்ன வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. பஸ் செலவில் குறைவது எவ்வளவோ அதை நான் தருகிறேன்.

இனிமேல் பிள்ளைகள் செய்ததை எடுப்பதென்றால், எடுப்பதற்கு முன் அந்த வகுப்பு ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று குழுவின் விதியில் சேருங்கள்.

வரும் வியாழக்கிழமைக்குள் எனக்குப் பதில் எழுதுங்கள். கும்பிடும் கை வேண்டாம், எழுத்து போதும். பலகைகள் என் வண்டி டிக்கியில் இருக்கின்றன. கடிகாரத்தின் சின்ன முள் மட்டும் உடைந்திருந்தது. அந்தப் பையனே வந்து ஐஸ்கிரீம் குச்சி வைத்து ஒட்டிவிட்டான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்குக் கொண்டுவருகிறேன். சாவி வைத்திருப்பவர் அந்த நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் நிலை வகுப்பு ஆசிரியை